ஒரு கூட்டல் பிழையும் ஓமஹா கடற்கரையும்

சென்னையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும் ஒன்று. மெரினாவில் நீர்மட்டம் ஏறி இறங்குவது அதிகபட்சம் ஒரு மீட்டர் சொச்சம். அலை காலைத் தொடுகிறதா இல்லையா என்பதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், அக்டோபரில் மனைவியோடு பிரான்சின் நார்மண்டி கடற்கரைக்குப் போகும் வரை.

கான் நகரில் கார் வாடகைக்கு எடுத்து, கடலை ஒட்டிப் போகும் சின்னச் சாலையில் மேற்கே ஓட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். முதலில் 1944-ல் நேச நாட்டுப் படைகள் இறங்கிய கடற்கரைகள், பிறகு மோன் சான் மிஷேல். இலையுதிர்காலம் என்பதால் கூட்டமில்லை. ஆப்பிள் தோட்டங்களில் பழம் கீழே கொட்டிக் கிடந்தது. அதையெல்லாம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைத்தது கடல் வற்றும் நேரத்தைப் பற்றி.

அங்கே ஹோட்டல், பேக்கரி எங்கே போனாலும் கடல் ஏறும், வற்றும் நேரங்களின் அட்டவணை ஒட்டியிருக்கும். கூடவே 20-லிருந்து 120 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் அன்றைக்குக் கடல் நிறைய ஏறும், நிறைய வற்றும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் எண் பெரிதாகும். செப்டம்பர், அக்டோபரிலும் மார்ச், ஏப்ரலிலும் இன்னும் பெரிதாகும். நாங்கள் ஓமஹா போன நாளில் எண் 100-ஐத் தாண்டியிருந்தது.

என் போனில் இருந்த அட்டவணை மாலை 5.45-க்குக் கடல் முழுக்க வற்றும் என்றது. பிரான்சின் பழைய அச்சு அட்டவணைகள் குளிர்கால நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கோடை நேரம்தான். கூட்டினேன், 6.45. போன் ஏற்கெனவே கூட்டித்தான் காட்டுகிறது என்று தோன்றவே இல்லை.

ஆக, 6.15-க்கு நாங்கள் மணலில் இறங்கியபோது இன்னும் அரை மணி நேரம் கடல் பின்வாங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது திரும்பி அரை மணி ஆகியிருந்தது.

வற்றிய ஓமஹாவின் அகலம் ஆளை மலைக்க வைக்கும். கரையிலிருந்து தண்ணீர் விளிம்பு முந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கும். ஈர மணலில் ஒரு மறைப்பும் கிடையாது. விளிம்பில் நின்று மேட்டைத் திரும்பிப் பார்த்தால், அங்கே துப்பாக்கியோடு இருந்தவனுக்கு நாம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருப்போம் என்பது புரியும். இவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கும்போது, ஏன் கடல் வற்றிய நேரத்தில் இறங்கினார்கள்?

காரணம் ரோமெல். எதிரி கடல் ஏறியிருக்கும்போதுதான் வருவான், ஓட வேண்டிய தூரம் அப்போதுதான் குறைவு என்று அவர் கணித்தார். அதனால் ஏறிய கடல் மூடிவிடும் மணல் முழுக்க இரும்புச் சட்டங்களும் கண்ணிவெடி கட்டிய மரக்கம்பங்களும் நட்டுவைத்தார். உளவு விமானப் படங்களில் அவை தெரிந்ததும் நேச நாடுகள் திட்டத்தை மாற்றின. வற்றியிருக்கும்போது இறங்கி, பொறியாளர்கள் தடைகளை உடைத்துப் பாதை போட வேண்டும். ஆனால் கடல் இன்னும் வற்றிக்கொண்டிருந்தால் வந்த படகு மணலில் தட்டி மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். எனவே ஏறத் தொடங்கிய பிறகு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து. அதுவும் விடிந்த உடனே. பாராசூட் படைக்கு முந்தைய இரவு நிலா வெளிச்சமும் வேண்டும். இதெல்லாம் ஒன்றுகூடியது ஜூன் 5, 6, 7-ல்.

இதைக் கணக்கிட்டவர் லிவர்பூல் அருகே பிட்ஸ்டன் ஆய்வகத்தில் இருந்த ஆர்தர் டூட்சன். காது கேளாதவர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்தவர். 1943 அக்டோபரில் கடற்படையிலிருந்து அவருக்கு 11 ஜோடி எண்கள் வந்தன. இடத்தின் பெயர் இல்லை, ‘பொசிஷன் இசட்’ என்று மட்டும். ஏப்ரல் 1-லிருந்து நான்கு மாதத்துக்கு நீர்மட்டம் வேண்டும் என்றார்கள். கப்பிகளும் பல்சக்கரங்களும் சேர்ந்த பித்தளை இயந்திரங்கள் இரண்டு அவரிடம் இருந்தன. ஒவ்வொரு கப்பியும் சந்திரனோ சூரியனோ தரும் ஒரு இழுப்பைப் போல ஏறி இறங்கும், எல்லாவற்றின் மேலும் ஓடும் ஒரே கம்பி அவற்றைக் கூட்டிச் சொல்லும். குண்டு விழுந்தால் இரண்டும் ஒன்றாகப் போய்விடக் கூடாதென்று தனித்தனிக் கட்டடங்களில் வைத்திருந்தார்கள்.

அவர் கூட்டல் சரியாக இருந்தது. என்னுடையதுதான் தப்பு.

ஒரு இடத்தில் பௌர்ணமி, அமாவாசைக்கு ஒட்டிய நாட்களில் கடல் வற்றும் மணி ஏறக்குறைய மாறாது. ஓமஹாவில் அது ஐந்தரையை ஒட்டி, காலையும் மாலையும். 1944 ஜூன் 6 பௌர்ணமி. அன்று காலை வற்றியது ஐந்தரைக்குச் சற்று முன், முதல் படகுகள் வந்தது 6.30-க்கு. நான் கடிகாரத்தைப் பார்த்து “இப்பத்தான் முழுசா வத்தியிருக்கு” என்று சொன்னது 6.45-க்கு, அதாவது வற்றி ஒரு மணி நேரம் கழித்து. தெரியாமல் அவர்கள் நின்ற நீர்மட்டத்திலேயே நின்றிருக்கிறோம்.

“ஏங்க, நாம வரும்போது இந்தப் பக்கம் தண்ணி இல்லையே?” என்றாள்.

எங்களுக்கும் கரைக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம். வரும்போது வெறும் ஈரம், இப்போது ஓடை. கடற்கரைக்கு இணையாக இப்படிப் பள்ளங்கள் இருப்பதால், தண்ணீர் முன்னால் மட்டும் வராது, சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கமும் வரும். மாலுமிகளின் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று. அன்று மொத்த ஏற்றம் ஏழு மீட்டர் என்று வைத்தால் முதல் ஒரு மணியில் அறுபது சென்டிமீட்டர்கூட இல்லை. அதனால்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த மணியில் கால் மணி நேரத்துக்கு ஓரடி வீதம் ஏறும்.

முதல் பள்ளம் முழங்கால். அடுத்தது தொடை வரை, அதில் இழுப்பும் இருந்தது. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சூரியன் மறைந்துகொண்டிருந்தது. கூழாங்கல் கரையில் ஏறி உட்கார்ந்தபோது நாங்கள் நின்றிருந்த மணல்திட்டைக் காணவில்லை.

எங்களிடம் பை இல்லை, யாரும் சுடவில்லை. அன்றைக்குப் பொறியாளர்களுக்கு இருந்தது அரை மணி நேரம். 16 பாதைகள் திறக்கத் திட்டமிட்டுச் சிலவற்றைத்தான் திறக்க முடிந்தது. பிறகு தண்ணீர் தடைகளை மூடிவிட்டது. காயம்பட்டு மணலில் கிடந்தவர்களில் பலர் குண்டால் சாகவில்லை, ஏறிய நீரில் மூழ்கினார்கள். இதை முன்பே படித்திருக்கிறேன். மேட்டில் இருக்கும் அமெரிக்கக் கல்லறையில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிலுவைகளை அன்று மதியம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அப்போதும் அந்த வாக்கியம் எனக்கு ஒரு தகவலாகத்தான் இருந்தது.

நார்மண்டியில் இவ்வளவு ஏற்றம் ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஏற்றம் கிழக்கே போகப் போக ஒடுங்கும் ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைகிறது. பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம், பிரெஞ்சுக் கரையோரம், ஒதுக்கித் தள்ளுகிறது. எதிரே இங்கிலாந்துக் கரையில் ஏற்றம் பொதுவாகக் குறைவு. மோன் சான் மிஷேல் விரிகுடாவின் மூலையில் இது 14 மீட்டர் வரை போகும்.

மறுநாள் அங்கேதான் போனோம். 2014-ல் கட்டிய பாலத்தில் நின்று கடல் உள்ளே வருவதைப் பார்க்க வேண்டும். நேரத்தை நான் சொல்ல வாய் திறப்பதற்குள், ஹோட்டல் வரவேற்பறையில் இரண்டு பேரிடம் விசாரித்துக் கையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.