டைல்ஸ் மட்டும் மாத்தினா போதுமா? பழைய பாத்ரூமை உடைத்ததும் பிளம்பர் ஏன் கையைப் பிசைகிறார்?

பழைய ஃபிளாட் வாங்குபவர்கள் முதலில் கைவைப்பது பாத்ரூமில்தான். ‘டைல்ஸ், கமோடு, ஷவர்... பத்து நாள்ல முடிஞ்சிடும்’ என்று கணக்குப் போடுவார்கள். நாலாவது நாள் பிளம்பர் வெளியே வந்து, “சார், உள்ள லைன் பூரா போயிடுச்சு” என்பார். பில்லை ஏத்தப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம் வரும். சில நேரம் அதுவும் நடக்கிறதுதான். ஆனால் 80, 90களில் கட்டிய கட்டிடம் என்றால், அவர் சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மரையில் தொடங்கும் துரு

அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் சுவருக்குள் ஓடுவது ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். பூச்சு இருக்கும்வரை துரு பிடிக்காது. ஆனால் எல்போ, டீ மாட்டுவதற்காக நுனியில் மரை போடும்போது பூச்சும் போய்விடும், அந்த இடத்தில் இரும்பும் மெலிந்துவிடும். அதனால் முதலில் அரிப்பது இணைப்புகளில்தான்.

இத்தனை வருஷம் அசையாமல் இருந்ததால் அது கசியாமல் இருந்திருக்கும். புது டேப் மாட்ட பழையதை ஸ்பேனர் போட்டுத் திருகும்போது, சுவருக்குள் இருக்கும் நிப்பிள் பொடியாக உடையும். டைல்ஸ் உடைக்கும் அதிர்விலேயே பக்கத்து இணைப்பு விட்டுப்போவதும் உண்டு. இதில் போர் தண்ணீர் வேறு. அதன் உப்பும் துருவும் உள்ளே படிந்து, அரை இஞ்ச் பைப்பில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும்.

உடைந்த இடத்தில் மட்டும் புதுத் துண்டு போட்டு ஒட்டலாமா? போடலாம். ஆனால் மிச்சமிருக்கும் பைப்புக்கும் அதே வயசுதானே! சுவர் திறந்திருக்கும்போதே அந்த பாத்ரூம் லைனை முழுசாக சி.பி.வி.சி.க்கு மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். சுடுதண்ணீர் லைனில் சாதாரண பி.வி.சி. பைப்பை மட்டும் போடவிடாதீர்கள். கீசர் சூட்டில் அது இளகிவிடும்.

இன்னொரு தலைவலி, கேட் வால்வு. வருஷக்கணக்கில் மூடாத வால்வு அவசரத்துக்கு மூடாது. கடைசியில் மொட்டை மாடிக்குப் போய் மொத்த பிளாக்குக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டிவரும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் அன்று உங்கள் பெயர்தான் ஓடும். வேலை தொடங்கும் முன்பே வால்வை மூடிப் பார்ப்பது நல்லது.

கீழ் வீட்டு சீலிங்

தண்ணீர் வரும் பைப் சிக்கலைவிடப் பெரியது, தண்ணீர் போகும் பைப் சிக்கல். பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்வாகப் போட்டு, அந்தப் பள்ளத்தில் கழிவுநீர் பைப்புகளை ஓட்டி, மேலே செங்கல் ஜல்லி கொட்டி மூடியிருப்பார்கள். இதைத்தான் ‘சங்கன்’ என்கிறார்கள். உள்ளே ஒரு ஜாயின்ட் விட்டிருந்தால், தண்ணீர் மாதக்கணக்கில் ஜல்லியில் ஊறிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் எதுவும் தெரியாது. கீழ் வீட்டுக்காரருக்குத்தான் சீலிங் பெயர்ந்து, கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும்.

சங்கன் இல்லாத கட்டிடங்களில் கதையே வேறு. உங்கள் கமோடின் பைப், கீழ் வீட்டு பாத்ரூம் சீலிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்ய அவர்கள் வீட்டுக்குள்தான் ஆள் போக வேண்டும். சுத்தியல் எடுப்பதற்கு முன்பே அந்த அண்ணன், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது சண்டையைத் தவிர்க்கும்.

செலவை மிச்சம் பிடிக்க பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் கசிவு அப்படியே இருக்கும்.

ஷவர் ஏன் சொட்டுகிறது?

எல்லாம் முடிந்து, ஆசையாக வாங்கிய ரெயின் ஷவரைத் திறந்தால் தண்ணீர் சொட்டும். தப்பு ஷவர் மேல் இல்லை. டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல் மாடி வீட்டில் டேங்குக்கும் ஷவருக்கும் இடைவெளி 3 மீட்டர் என்றால், வருவது 0.3 பார்தான். ஷவர் பெட்டியிலேயே எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று போட்டிருப்பார்கள், வாங்கும் முன் பாருங்கள். பிரஷர் பம்ப் வைக்கலாம். ஆனால் பழைய ஜி.ஐ. லைனை மாற்றாமல் பம்ப் மாட்டினால், அதுவரை தாங்கிய ஜாயின்ட்டும் விட்டுவிடும்.

மூடும் முன் ரெண்டு டெஸ்ட்

சுவரைப் பூசுவதற்கு முன் எல்லா பைப் நுனியையும் அடைத்து, கை பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரமாவது மீட்டர் முள் இறங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். தரையில் வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் டிராப்பை அடைத்து இரண்டு இஞ்ச் தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டு சீலிங்கைப் பார்க்க வேண்டும். “அதெல்லாம் தேவையில்ல சார், நம்ம வேலை கேரண்டி” என்று சொன்னாலும் விடாதீர்கள். கடைசி பேமென்ட்டை இந்த டெஸ்ட்டோடு கட்டிப்போடுவது பலன் தரும்.

கொட்டேஷன் வாங்கும்போதே பைப் மாற்ற வேண்டியிருந்தால் அடிக்கு எவ்வளவு, சங்கன் உடைத்தால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். உடைத்த பிறகு பேரம் பேசும் நிலையில் யாரும் இருப்பதில்லை.

டைல்ஸ் ஒட்டும் முன் நாலு சுவரையும், அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் டவல் ராடு மாட்ட டிரில் போடும்போது, பைப் எங்கே ஓடுகிறது என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.