'நூப்': வகுப்பறைக்குள் நுழைந்த விளையாட்டுச் சொல்

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் பாடத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லில் தடுமாறினான். பின்வரிசையிலிருந்து "நூபு!" என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அவன் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து அதட்டினேன். "கெட்ட வார்த்தை இல்ல சார், கேம்ல சொல்றது" என்றார்கள். அன்று மாலை அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். அறிந்ததை இங்கே பகிர்கிறேன்.

பொருள்

'ஃப்ரீ ஃபயர்', 'பப்ஜி' போன்ற கைப்பேசி விளையாட்டுகளில் ஆடத் தெரியாமல் எளிதில் தோற்பவரை 'நூப்' என்பார்கள். இதன் எதிர்ச்சொல் 'ப்ரோ'. இது 'ப்ரொஃபஷனல்' என்பதன் சுருக்கம். அண்ணன், நண்பன் என்ற பொருளில் மாணவர்கள் அழைக்கும் 'ப்ரோ' வேறு. அது 'பிரதர்' என்பதிலிருந்து வந்தது.

பிறப்பு

இதன் தாய்ச்சொல் 'நியூபி'. புதியவர் என்று பொருள். வியட்நாம் போர்க் காலத்தில், களத்துக்குப் புதிதாக வந்த வீரரை அமெரிக்கப் படையினர் இப்படி அழைத்தனர். பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவனைக் குறிக்கும் 'நியூ பாய்' என்பதே இதன் மூலம் என்பாரும் உண்டு. பின்னர் 'யூஸ்நெட்' என்னும் கணினிவழி உரையாடல் குழுக்களில் இச்சொல் பரவியது. அங்கிருந்து இணைய விளையாட்டுகளுக்கு வந்து, 'நூப்' எனச் சுருங்கியது. எழுதும்போது ஆங்கில 'ஓ' எழுத்துகள் இரண்டுக்கும் பதிலாக இரண்டு சுழியங்களை இடும் வழக்கமும் உண்டு.

ஒலிப்பு

அமெரிக்கர் பலர் 'நியூ' என்பதை 'நூ' என்றே ஒலிப்பர். 'நூப்' என்ற வடிவத்தில் அந்த ஒலிப்பே இருக்கிறது. தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் வராது. அதனால் நம் மாணவர்கள் உகரம் சேர்த்து 'நூபு' என்கிறார்கள். குற்றியலுகரம் நடத்தும்போது காட்டுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டும் ஒன்றல்ல

'நியூபி' புதியவர், கற்றுக்கொள்ள வந்தவர். 'நூப்' என்பதிலோ ஏளனம் கலந்திருக்கிறது. தமிழிலும் இது நடந்திருக்கிறது. கற்றுக்கொள்ளும் குட்டி என்ற பொருள் தரும் 'கற்றுக்குட்டி'யே பேச்சில் 'கத்துக்குட்டி' ஆனது. இன்று அதைப் பாராட்டாக யாரும் சொல்வதில்லை. கற்பவரைக் குறித்த சொல், கல்லாதவரைக் கேலி செய்யும் சொல்லாகிவிட்டது.

வகுப்பில் செய்தது

மறுநாள் 'நியூபி', 'நூப்', 'கற்றுக்குட்டி' மூன்றையும் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். "உங்க கேம்ல நான் யார்?" என்று கேட்டேன். "நூபு சார்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். "சரி, யாராவது கற்றுக்கொடுங்கள்" என்றேன். கை தூக்கியவர்களில் முந்தைய நாள் வாசிப்பை நிறுத்திய மாணவனும் இருந்தான். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னான். நான் தவறாகச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

பிறகு விட்ட இடத்திலிருந்து அவனை வாசிக்கச் சொன்னேன். இரண்டு இடங்களில் தடுமாறினான். பக்கத்தில் இருந்தவன் மெதுவாக எடுத்துக் கொடுத்தான்.

சொல்லைத் தடை செய்திருந்தால் அது என் காதுக்கு மட்டும் எட்டாமல் போயிருக்கும். இப்போதும் எப்போதாவது அந்தச் சொல் கேட்கிறது. சொன்னவர் யாரோ, அவரே உதவ வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி.