ஆங்கிலத்தில் காலம் அறிவோம்



எங்கள் குழுவில் ஒரு அக்கா கறவை மாட்டுக் கடன் வாங்கியிருந்தார். மாதத் தவணையை வங்கியே அவருடைய கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் செல்போனில் வங்கிச் செய்தி வந்தது. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். 'டெபிட்டட்' என்று இருந்தது. "தவணையைப் பிடிச்சிட்டாங்க, இனி கவலை இல்லை" என்று, கணக்கில் இருந்த பணத்தை எடுத்து மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டார். தவணை நாளில் கணக்கில் பணம் இல்லை. அபராதம் விழுந்தது.

செய்தியை மறுபடி எடுத்துப் பார்த்தோம். 'டெபிட்டட்' என்பதற்கு முன்னால் 'வில் பி' என்று இருந்தது. பிடித்துவிட்டோம் என்று வங்கி சொல்லவில்லை. பிடிக்கப் போகிறோம் என்றுதான் சொல்லியிருந்தது!

அன்று முதல் குழுக் கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் ஆங்கிலம் படிக்கிறோம். படித்ததை உங்களுக்கும் சொல்கிறோம்.

மூன்று காலம்

1. வழக்கமாகச் செய்வது: வீ சேவ் – சேமிக்கிறோம். அவள் ஒருத்தி என்றால் கடைசியில் 'எஸ்' சேரும்: ஷீ சேவ்ஸ்.
2. செய்து முடித்தது: வீ சேவ்டு – சேமித்தோம்.
3. இனிமேல் செய்வது: வீ வில் சேவ் – சேமிப்போம்.

இதில் ஒரு வசதி உண்டு. தமிழில் கட்டினேன், கட்டினாள், கட்டினார்கள் என்று ஆளுக்கு ஆள் மாறும். ஆங்கிலத்தில் முடிந்ததற்கு எல்லோருக்கும் ஒரே சொல்தான்: ஐ பெய்டு, ஷீ பெய்டு, தே பெய்டு.

ஒரு சிரமமும் உண்டு. பல சொற்களுக்குக் கடைசியில் 'இ.டி.' சேர்த்தால் முடிந்த காலம் ஆகிவிடும். சில சொற்கள் உருவமே மாறிவிடும். கோ (போ) – வென்ட், கிவ் (கொடு) – கேவ், கெட் (பெறு) – காட். இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். வாரம் ஐந்து சொல் போதும்.

வங்கிச் செய்தியில் கவனிக்க

* ஹேஸ் பீன் கிரெடிட்டட் – பணம் வரவு வைத்தாகிவிட்டது.
* ஹேஸ் பீன் டெபிட்டட் – பணம் பிடித்தாகிவிட்டது.
* வில் பி டெபிட்டட் – இனிமேல் பிடிப்பார்கள். அந்தத் தேதிக்குள் கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

மூன்றிலும் கடைசியில் 'இ.டி.' இருக்கிறது. அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்னால் 'வில்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'வில்' இருந்தால் இன்னும் நடக்கவில்லை.

மோசடிக்காரர்களும் இந்தச் சொல்லை வைத்துத்தான் மிரட்டுகிறார்கள். 'யுவர் அக்கவுண்ட் வில் பி பிளாக்டு' என்று வந்தால் பதறாதீர்கள். அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள், ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். நேரே வங்கிக் கிளைக்குப் போய்க் கேளுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

கைநாட்டு வைத்த நம்மில் எத்தனையோ பேர் குழுவில் சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடப் பழகினோம். அது வந்தது, இதுவும் வரும். அடுத்த கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வங்கிச் செய்தியைக் கொண்டுவந்து சேர்ந்து படிப்போமா?