ஸ்டீயரிங்கில் கை இல்லாவிட்டாலும் வழக்கு உங்கள் பேரில்தான்

2019 டிசம்பர் 29. கலிபோர்னியாவின் கார்டீனா நகரில் ஒரு டெஸ்லா கார், சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்ந்து ஒரு ஹோண்டா சிவிக் மீது மோதியது. சிவிக்கில் இருந்த இருவர் இறந்தார்கள். டெஸ்லாவில் அப்போது 'ஆட்டோபைலட்' ஓடிக்கொண்டிருந்தது. குற்றவழக்கு பாய்ந்ததோ, ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் மீது. 2023இல் அவருக்கு இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

கார்தானே ஓட்டியது என்று அவர் தப்ப முடியவில்லை. ஏனென்றால் அது 'லெவல் 2' கார்.

லெவல் என்பது எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014இல் வகுத்த பட்டியல். 0 முதல் 5 வரை போகிறது. 0இல் கார் எச்சரிக்கும், அவசரத்துக்கு பிரேக் பிடிக்கும், அவ்வளவுதான். 1இல் வேகத்தையோ ஸ்டீயரிங்கையோ ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளும். 2இல் இரண்டையும். ஆனாலும் சாலையைப் பார்க்கும் வேலை மனிதருடையது. 3இல்தான் அந்த வேலை காருக்கு மாறுகிறது. கார் கூப்பிட்டால் மனிதர் உடனே பொறுப்பேற்க வேண்டும். ஜெர்மனி 2021இல் மெர்சிடிஸுக்கு இதை அனுமதித்தபோது மணிக்கு 60 கி.மீ. வரைதான். அமெரிக்காவில் ஓட்டுநரில்லாமல் ஓடும் வேமோ டாக்சிகள் 4. குறித்த பகுதிக்குள் மட்டும். எங்கும், எப்போதும் தானே ஓடும் 5 இன்னும் காகிதத்தில்தான்.

இந்த எண்ணைப் பரீட்சை வைத்து யாரும் கொடுப்பதில்லை, தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. அது காரின் கெட்டிக்காரத்தனத்துக்கான மதிப்பெண் என்று நினைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். சாலையை யார் பார்க்க வேண்டும் என்பதையே அது சொல்கிறது.

நம் ஷோரூம்களிலும் இப்போது 'லெவல் 2 அடாஸ்' (ஓட்டுநர் உதவி வசதி) பெரிய எழுத்தில் தொங்குகிறது. கோடு அழிந்த சாலை, எதிர்த்திசையில் வரும் பைக், நடுவில் படுத்திருக்கும் மாடு: கேமராவும் ரேடாரும் தடுமாற இவை போதும். திடீரெனக் குறுக்கே புகும் ஆட்டோவுக்குக் கார் தானே பிரேக் போட, பின்னால் வருபவர் உங்கள் மீது மோதலாம். உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு ஓட்டியவரைத்தான் தேடும். 'கையை எடுத்துடலாம் சார்' என்று விற்றவர் கோர்ட்டுக்கு வரமாட்டார்.

அதற்காகக் கம்பெனி முழுக்கத் தப்பிவிடும் என்றில்லை. கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்த ஓட்டுநரால் புளோரிடாவில் நடந்த 2019 விபத்து ஒன்றில், 2025 ஆகஸ்டில் மயாமி ஜூரி மூன்றில் ஒரு பங்குப் பொறுப்பை டெஸ்லா மீது வைத்தது. இங்கே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் அதே வாசலைத் திறக்கிறது: பொருளில் குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தராவிட்டாலும் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். பொய் விளம்பரமும் அதே சட்டத்தில் குற்றம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்து முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டுக்குள் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு அரசு உத்தரவிடலாம்.

இதற்கெல்லாம் கையில் காகிதம் வேண்டும். பிரசுரம், விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பயனர் கையேடு எதையும் தூக்கிப் போடாதீர்கள். விபத்து நடந்தால், பழுதுபார்ப்பவர் வண்டியைத் தொடுவதற்கு முன் அதன் பதிவுகளை அழிக்காமல் வைக்கும்படி கம்பெனிக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்கண்ணாடி மாற்றினால், பெரும்பாலான வண்டிகளில் அதன் பின்னாலிருக்கும் கேமராவை மறுபடி அளவீடு செய்தாக வேண்டும். செய்ததாக ஜாப் கார்டில் எழுதி வாங்கிய பிறகே சாவியை வாங்குங்கள்.