குடியம் குகையும் ஒரு கைக்கோடரியும்



தொன்மைச் சின்னங்களைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டும் என்று எண்ணுவோர் பலர். இஸ்ரேல் நாட்டுக் கார்மேல் மலைக் குகைகள் இயற்கைக் காப்பிடம் ஒன்றினுள் அமைந்தவை. 2012-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டவை. அவற்றோடு ஒப்புநோக்கத்தக்க இடம் நமக்கு அருகிலேயே உண்டு. ஆவடியிலிருந்தோ பூவிருந்தவல்லியிலிருந்தோ திருவள்ளூர் வழியாகப் பூண்டிக்குச் சென்று, அப்பாலுள்ள காப்புக் காட்டினுள் நடந்தால் குடியம் குகைகளை அடையலாம்.

முட்புதர்களுக்கிடையே திடீரென உயர்ந்து நிற்கிறது பாறை. உற்று நோக்கினால், கூழாங்கற்கள் பல ஒட்டி இறுகியதே அப்பாறை என்பது விளங்கும். ஆதிமனிதன் கருவி செய்த கல் இவ்வகையினதே. தங்க நிழல், செதுக்கக் கல், பருகக் கொற்றலை ஆற்றின் நீர்; வேறென்ன வேண்டும்?

இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும் குடியத்தை அடுத்த அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அங்கே 1999 முதல் அகழாய்ந்த சாந்தி பப்பு குழுவினர், மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011-இல் வெளியிட்டனர்.

கல்லின் வயதை எவ்வாறு அறிவது? நிலத்தின்மேல் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பாய்ந்து, அலுமினியம் 26, பெரிலியம் 10 என்னும் அணுக்களைத் தோற்றுவிக்கின்றன. கல் ஆழப் புதைந்தால் தோற்றம் நின்று, சிதைவு மட்டும் தொடரும். முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகச் சிதையும். எஞ்சியுள்ள விகிதத்தை அளந்தால் புதையுண்ட காலம் புலப்படும். ஆகவே, கல் எவ்வளவு முதன்மையானதோ, அது கிடந்த மண்ணடுக்கும் அவ்வளவு முதன்மையானது.

இதை நான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். தலைமையாசிரியனாக இருந்தபோது மாணவர்களை அப்பக்கம் அழைத்துச் சென்றேன். ஒரு சிறுவன் அழகிய கைக்கோடரி ஒன்றை எடுத்து வந்தான். அவனைப் பாராட்டி, அதைப் பள்ளி அலமாரியில் வைத்தேன். பின்னாளில் அதைக் கண்ட ஆய்வாளர் ஒருவர், “ஐயா, இது எங்கே, எந்த மண்ணில் கிடந்தது?” என்று வினவினார். என்னிடம் விடையில்லை. “அப்படியானால் இது இனி வெறுங்கல்தான்” என்றார் அவர். பாராட்டியவன் நானாகையால், பிழையும் என்னுடையதே.

நீங்கள் செல்லுங்கால் வனத்துறையின் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். பூண்டி அருங்காட்சியகத்தை முதலில் கண்டு, கருவியின் வடிவங்களைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். காட்டில் அத்தகைய கல்லைக் காண நேர்ந்தால் எடுக்க வேண்டா. இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்தாரிடம் தெரிவியுங்கள். அந்தக் கல் தன் கதையைச் சொல்ல, அது கிடந்த இடத்திலேயே இருத்தல் வேண்டும்.