பன்னிரண்டு ரூபாயின் பயணம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் இங்கேதான் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் கண்டதாகக் கல்வெட்டில் பெருமைப்பட்டிருக்கிறான். கோயிலைப் பார்த்துவிட்டு டீக்கடையில் போனை நீட்டிப் பணம் கொடுக்கும்போது, அதுவும் ஒன்றுமே இல்லாமல் காற்றில் நடப்பதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது.

காற்றில் போவது போனிலிருந்து டவர் வரைக்கும்தான். சில ஊர்களில் அடுத்த டவருக்கு இன்னொரு தாவல் இருக்கலாம். அப்புறம் எங்காவது மண்ணுக்குள் இறங்கியே ஆகவேண்டும். அங்கே கிடப்பது முடி பருமனுக்குக் கண்ணாடி இழை. அதற்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. குழாய் பதிக்க வந்த ஜேசிபி ஒரு கடி கடித்தால் போதும், ஊரே "நெட் சுத்துது" என்று போனைத் தட்டிக்கொண்டிருக்கும்.

கடைக்காரர் ஒட்டிவைத்திருக்கும் அந்தக் கட்டம் கட்டமான கோலத்தில் இருப்பது அவருடைய யூபிஐ முகவரி. 12 ரூபாய் போட்டு, பின் நம்பரையும் அழுத்தியதும், செய்தி செயலிக்குப் பின்னால் இருக்கும் வங்கி வழியாக என்பிசிஐக்குப் போகிறது. 2016-இல் யூபிஐயைக் கொண்டுவந்த அமைப்பு அது. உங்கள் வங்கியில் கழிக்கச் சொல்லி, பதில் வந்ததும் கடைக்காரர் வங்கியில் வரவு வைக்கச் சொல்கிறது. கடைசியாகத் தகவல் சவுண்ட் பாக்ஸுக்கு வருகிறது. அந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு சிம் உண்டு. அதனால்தான் இந்தக் கூத்து:

"பெட்டி சொல்லலையே தம்பி."

"எனக்கு டிக் வந்துடுச்சுண்ணே, பாருங்க."

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பணம் ஏறியிருக்கும், பெட்டிக்கு மட்டும் டவர் கிடைத்திருக்காது. வங்கியில் கழிந்தும் கடைக்கு உறுதி வராமலே போனால் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு ரிசர்வ் வங்கி 2019-இல் வைத்த கெடு, பரிமாற்றம் நடந்த நாளிலிருந்து 5 நாள். அதற்கு மேல் இழுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தரவேண்டும். இது தெரியாமல் டீக்கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பது வீண்.

வலையின் கடைசி முனையில் பேசும் பெட்டியை வைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரில் ஒரு மையம் வைத்து, சுற்றுக் கிராமங்களை வானொலிக் கருவிகளால் இணைத்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து அனுப்புவார்கள். வீராம்பட்டினத்தில் அதை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கட்டுமரம் தள்ளப்போகிறவர் கணினியைத் தொடவேண்டிய தேவையே இல்லை; காது கேட்டால் போதும்.