கதையே சான்று

நுழையும்முன்

எழுத்தில் இருப்பதே வரலாறு. வாய்மொழியில் வழங்குவது வெறும் கதை என்னும் எண்ணம் பலரிடம் உள்ளது. இவ்வெண்ணத்தைக் கனடா நாட்டுப் பழங்குடி மக்கள் நீதிமன்றத்தில் எதிர்கொண்டனர். தம் கதைகளையும் பாடல்களையும் நில உரிமைக்கான சான்றுகளாக அவர்கள் முன்வைத்தனர்.

அடாவ்க்

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஸ்கீனா ஆற்றங்கரைப் பகுதியில் கிட்சான் மக்கள் வாழ்கின்றனர். தாய்வழியில் அமைந்த இவர்களின் குடி ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு வாய்மொழி வரலாறு உண்டு. அதனை 'அடாவ்க்' என்பர். முன்னோர் எங்கிருந்து வந்தனர், எந்த நிலத்தில் தங்கினர், குடிச்சின்னத்தை எவ்வாறு பெற்றனர் என்பனவற்றை அது எடுத்துரைக்கும். ஒரு குடியின் அடாவ்க்கைச் சொல்லும் உரிமை அக்குடிக்கே உரியது.

தலைவர் ஒருவர் மறைந்து, அவர் பெயரை மற்றொருவர் ஏற்கும்போது பெருவிருந்து நிகழும். அங்கே குடியின் வரலாறும் நில எல்லையும் எடுத்துரைக்கப்படும். பிற குடித்தலைவர்கள் சாட்சிகளாக அமர்ந்து அவற்றைக் கேட்பர். இவ்வாறு தலைமுறைதோறும் பலர் முன்னிலையில் சரிபார்க்கப்படுவதால், அடாவ்க் தனி ஒருவரின் நினைவை மட்டும் நம்பி நிற்பதில்லை. இத்தகைய விருந்துகளைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடைசெய்திருந்தது. எனினும், அம்மரபு அழியவில்லை.

கரடியும் நிலச்சரிவும்

அடாவ்க் ஒன்று, மெடீக் என்னும் மாபெரும் கரடியைப் பற்றிக் கூறுகிறது. மீன்களின் எலும்புகளை அணிகளாகச் சூடி மக்கள் விளையாடினர். உணவு தந்த உயிரை இகழ்ந்த அச்செயலால் சினந்த கரடி, மரங்களை வேரோடு சாய்த்துக்கொண்டு ஓடைவழியே பாய்ந்து வந்தது. எதிர்த்த வீரர் பலரைக் கொன்றது. இக்கதை நிகழ்ந்த இடம் சீலி ஏரிப் பகுதி. அங்குள்ள படிவுகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விடத்தில் பெரும் நிலச்சரிவு ஏற்பட்டதைக் கண்டறிந்தனர். கதை காத்துவந்த பேரழிவின் நினைவுக்கு மண்ணும் சான்று பகர்ந்தது.

நீதிமன்றத்தில் ஒலித்த பாடல்

கிட்சான் மக்களும் அவர்களின் அண்டையரான வெட்சுவெட்டன் மக்களும் 1984ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர் நிலம் தமக்குரியது என்பது அவர்களின் கோரிக்கை. விசாரணை 374 நாள்கள் நடைபெற்றது. முதிய பெண் தலைவர் ஒருவர், தம் குடியின் வரலாற்றோடு இணைந்த பாடலைப் பாட முன்வந்தார். பாடலைக் கேட்பதால் பயனில்லை என நீதிபதி தயங்கினார். ஆயினும் அவர் பாடினார். வாய்மொழி வரலாற்றைத் தனிச் சான்றாக ஏற்க இயலாது எனக் கூறி, 1991இல் நில உரிமைக் கோரிக்கையை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கனடாவின் உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பர் 11ஆம் நாள் அத்தீர்ப்பை மாற்றியது. வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணங்களுக்கு நிகராக வைத்து மதிப்பிட வேண்டும் என்று கூறி, மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. நிலம் யாருக்கு உரியது என்பதை அன்று அது முடிவுசெய்யவில்லை. எனினும், கதைகளுக்குச் செவிகொடுக்க வேண்டிய கடமை நீதிமன்றங்களுக்கு உண்டு என்பது உறுதியாயிற்று. அத்தீர்ப்பு வகுத்த நெறியைப் பின்பற்றியே, 2014இல் சில்கோட்டின் என்னும் மற்றொரு பழங்குடியினரின் நில உரிமையை அதே நீதிமன்றம் ஏற்றது.

பழங்குடி மக்களின் வாய்மொழி இலக்கியம் அவர்தம் வரலாற்று நூலாகவும் நில ஆவணமாகவும் திகழ்கிறது. கதை மறக்கப்படின், தாம் யார், எந்நிலத்தினர் என்பதற்கான சான்றையும் அவர்கள் இழக்க நேரிடும். அதனாலேயே தடைவிதித்த காலத்திலும் அவர்கள் அதனைக் கைவிடாது காத்தனர்.